பல்லுக்குள் இருக்கும் உயிர்

சொத்தை விழுந்த பல்லைப் ‘பூச்சிப்பல்’ என்று சொல்வது நம்மவர் வழக்கு. பல்லைப் புழு அரிக்கிறது என்ற எண்ணம் அச்சொல்லிலேயே அடங்கிக் கிடக்கிறது. அந்தப் புழுவை விரட்டக் கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு, எழும் புகையை வாயில் ஏற்கும் கைவைத்தியத்தை நான் முதலில் என் பாட்டியார் வாயிலாகவே கேட்டேன். புகை பிடித்தபின் கிண்ணத்து நீரில் வெள்ளையாகச் சில புழுக்கள் விழுந்து கிடக்கும் என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார். ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கே புகைத்தது குரோசாணி ஓமத்தின் விதை. நீரில் மிதந்தவை புழுக்களல்ல, சூட்டில் வெடித்த விதைகளினின்றும் தெறித்த முளைக்கருக்களே என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் ஃபோஷார், 1728-இல் வெளியிட்ட தம் பெருநூலில், நுண்பெருக்காடி கொண்டு தேடியும் பல்லில் புழு எதனையும் தாம் காணவில்லை என்று எழுதினார். வாயிலுள்ள நுண்கிருமிகள் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் புளிக்கவைத்து அமிலம் ஆக்குகின்றன, அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று 1890-இல் மில்லர் விளக்கிய பிறகு, புழுவுக்கு அறிவியலில் இடமில்லாமற் போயிற்று.

ஆனால் இக்கதையில் ஒரு வேடிக்கை உண்டு. பல்லுக்குள் மென்மையான, வெளிறிய, நார்போன்ற பொருளொன்று உண்மையிலேயே இருக்கிறது. வேர்க்குழியிலிருந்து அதை இழுத்தெடுத்துப் பார்த்தால் சிறு புழுவென்றே தோன்றும். அதைக் கண்டுதான் புழுக் கதையே பிறந்திருக்கலாம் என்று கருதுவோரும் உளர். பல்லை அரிக்கும் உயிர் என்று நம் முன்னோர் நினைத்தது, உண்மையில் பல்லைக் காத்துநிற்கும் உயிர். அந்த உயிர் காயப்பட்டால் என்ன செய்கிறது, நாம் அதற்கு என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். பள்ளிப் பிள்ளைகளோடு நாள்தோறும் பழகும் ஆசிரியர்களுக்கு இதில் நேரடியான பயன் உண்டென்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பல்லின் அமைப்பு

பல்லின் வெளிப்புறத்தைப் போர்த்திருப்பது பற்சிப்பி, அதாவது எனாமல். மனித உடலிலேயே கடினமான பொருள் இது. ஆனால் இதற்கு உயிர் இல்லை. போனது போனதுதான், மீண்டும் வளராது. அதற்கு உட்புறம் தந்தினி. எலும்பை ஒத்த, மஞ்சள் சாயல் கொண்ட பகுதி. தந்தினிக்கு நடுவே ஒரு சிற்றறை. அவ்வறையையும் அதிலிருந்து வேரின் நுனிவரை செல்லும் குழாய்களையும் நிரப்பியிருப்பது பற்கூழ்.

பொதுமக்கள் இதை ‘நரம்பு’ என்றே சொல்கிறார்கள். “டாக்டர் நரம்பை எடுத்துவிட்டார்” என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. பற்கூழில் நரம்பு உண்டு. ஆனால் இரத்தக் குழாய்கள், நோயெதிர்க்கும் உயிரணுக்கள், நார்த்திசு, இவையெல்லாவற்றுக்கும் மேலாகத் தந்தினியைக் கட்டும் உயிரணுக்கள் ஆகியவையும் உண்டு. ‘நரம்பு’ என்ற சொல், வலியை மட்டும் நினைவூட்டி, கட்டும் தொழிலை மறைத்துவிடுகிறது. சொற்களைப் பற்றி அக்கறை கொண்ட தமிழாசிரியர்கள் பற்கூழ் என்ற சொல்லையே வகுப்பில் புழங்கவிட்டால் நன்று.

இதன் அளவோ மிகச் சிறிது. முப்பத்திரண்டு பற்களின் கூழையும் ஒன்றாகத் திரட்டினாலும் அரை கன சென்டிமீட்டர் ஆகாது. அவ்வளவு சிறிய திசுவின் ஓரத்தில், வேலிக்கால்கள் நட்டாற்போல, தந்தினிக் கட்டுநர்களாகிய உயிரணுக்கள் நெருங்கி வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் தந்தினிக்குள் ஓடும் நுண்துளை ஒன்றினுள் தன் விரலை நீட்டியிருக்கிறது. கூழை அடுத்த பகுதியில் ஒரு சதுர மில்லிமீட்டர் தந்தினியில் இத்தகைய துளைகள் ஏறத்தாழ 45,000. வெளியே செல்லச் செல்ல எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைகிறது, துளையின் அகலமும் சுருங்குகிறது. சொத்தை ஆழமாகப் போகும்போது நோய் ஏன் திடீரென்று வேகம் பிடிக்கிறது என்பதற்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. உள்ளே நெருங்க நெருங்க, கிருமியின் நஞ்சு கடந்து செல்ல வழிகள் பெருகுகின்றன.

வேரின் நுனியில் இருக்கும் வாசல் இன்னொரு முக்கியமான இடம். வளர்ந்தவரின் பல்லில் அது ஊசித்துளை போன்றது. இரத்தம் உள்ளே வருவதும் வெளியே போவதும் பெரும்பாலும் அவ்வழியேதான். ஆனால் அண்மையில் முளைத்த பல்லில் அவ்வாசல் அகலத் திறந்திருக்கும். பல் ஈறைக் கிழித்து வெளிவந்தபின் ஏறக்குறைய 3 ஆண்டுகள் கழித்தே வேர் முழு நீளம் வளர்ந்து, நுனி மூடுகிறது. அந்த 3 ஆண்டுகளிலும் வேரைக் கட்டி முடிக்கும் வேலை பற்கூழினுடையது.

தாக்குதலும் மறுமொழியும்

அமிலம் மெல்ல மெல்லத் தந்தினியை அரித்து வரும்போது பற்கூழ் வாளாவிருப்பதில்லை. எதிரி வரும் திசையிலுள்ள கட்டுநர்கள், தம் பின்புறமாக நகர்ந்துகொண்டே, புதிய தந்தினியைப் படியச் செய்கின்றன. வெளியே சுவர் இடிய இடிய உள்ளே சுவர் எழும்புகிறது. நுண்துளைகளும் சுண்ணச் சத்தினால் அடைபடுகின்றன. முதியோர் சிலரின் பல் பாதிக்குமேல் தேய்ந்திருந்தும் கூழ் வெளித்தெரியாமல் இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் இந்தக் கட்டுமானம் மெதுவானது. ஒரு நாளைக்கு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். தாக்குதல் நிதானமாக வந்தால் பற்கூழ் வெல்லும். சிறுவர் பல்லில் காண்பதுபோல் விரைந்து வந்தால் தோற்கும்.

தோல்வியின் முதல் அடையாளம் கூச்சம். பினாங்கு ரோட்டில் ஒரு கிண்ணம் செண்டோல் வாங்கி வாயில் வைத்ததும் பல் சுரீரென்கிறதே, அது ஏன்? தந்தினியின் நுண்துளைகளில் நீர்மம் இருக்கிறது. குளிர் பட்டதும் அந்நீர்மம் சட்டென்று நகர்கிறது. அந்த அசைவு கூழின் ஓரத்திலுள்ள நரம்பு முனைகளை இழுக்கிறது. சுவீடன் நாட்டு பிரென்ஸ்ட்ரொம் 1960-களில் செய்த சோதனைகளால் இவ்விளக்கம் நிலைபெற்றது. விழுங்கியதும் சில நொடிகளில் கூச்சம் மறைந்தால், கூழ் சினந்திருக்கிறதேயன்றிச் சீரழியவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். செண்டோலைக் கீழே வைத்தபின்னும் நிமிடக் கணக்கில் வலி தங்கினால், சூடான தே தாரிக் பட்டாலும் வலி குத்தினால், இரவில் படுத்தபின் தானாகவே வலி எழுந்து உறக்கத்தைக் கெடுத்தால், அழற்சி ஆழமாகிவிட்டது.

வேறெங்காவது அடிபட்டால் வீங்கி இடம் பிடித்துக்கொள்ளலாம். பற்கூழுக்கு அந்த வசதி இல்லை. நான்கு பக்கமும் கற்சுவர். வீக்கம் வந்தால் வேர்நுனியில் இரத்தக் குழாய் நசுங்கி, முழுக் கூழும் ஒரே மூச்சில் மூச்சடைத்துச் செத்துவிடும் என்று ஒரு காலத்தில் கற்பித்தார்கள். பின்னர் நுண்கருவிகளால் அளந்து பார்த்தபோது, அழுத்தம் அழற்சி கண்ட இடத்தில் மட்டுமே ஏறுகிறது, சற்றுத் தள்ளியுள்ள கூழ் இயல்பாகவே இருக்கிறது என்று புலப்பட்டது. இது சிறிய செய்திபோல் தோன்றலாம். ஆனால் இன்றைய சிகிச்சை முழுவதும் இதன்மேல் நிற்கிறது. மேற்பகுதி கெட்டிருந்தாலும் கீழ்ப்பகுதி நலமாக இருக்கலாம் என்றால், கெட்டதை மட்டும் நீக்கி நல்லதைக் காப்பாற்ற முயலலாமே!

இங்கே ஓர் எச்சரிக்கை. பத்து நாள் துடித்த பல் ஒருநாள் காலையில் வலியின்றி அமைதியாகிவிடுவதுண்டு. “தானாகவே குணமாகிவிட்டது” என்று வீட்டார் மகிழ்வர். பெரும்பாலும் அது குணமன்று. உணரவேண்டிய திசு இறந்துவிட்டது. சில வாரங்களிலோ மாதங்களிலோ ஈறில் சிறு கொப்புளம் எழுந்து சீழ் வடியத் தொடங்கும். பிள்ளைகள் விஷயத்தில் இந்த மயக்கத்தால் கெட்ட பற்களுக்குக் கணக்கில்லை.

திறந்துவிட்ட கூழ்

சொத்தையோ, விபத்தோ, மருத்துவரின் கருவியோ பற்கூழின் அறையைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? “திறந்த கூழ் செத்த கூழ்” என்பதே பல தலைமுறைகளாகப் பல் மருத்துவர்களின் முடிவு. விதிவிலக்காகச் சிலர் இருந்தனர். பெர்லினில் பிரஷ்ய மன்னருக்குப் பல் மருத்துவராயிருந்த ஃபாஃப் என்பவர் 1756-இல் எழுதிய நூலில், திறந்த இடத்தின்மேல் படாதவாறு வளைத்த சிறு தங்கத் தகட்டை மூடியாக வைக்கும் முறையை விவரித்தார். எனினும் 1836-இல் அமெரிக்காவில் பாஷாணத்தைக் கொண்டு கூழைக் கொல்லும் முறை அச்சேறியபின், காப்பதைவிடக் கொல்வதே எளிதாகப்பட்டது. நெடுங்காலம் உலகெங்கும் பாஷாணமே கோலோச்சியது.

திறந்தமையால் கூழ் சாகிறதா, திறந்த வழியே வருவது எதுவோ அதனால் சாகிறதா? இவ்விரண்டையும் பிரித்தறிய 1965 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் அமெரிக்கத் தேசியப் பல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காக்கேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். பிறந்தது முதல் ஒரு கிருமியும் அண்டாத கூண்டுகளில் வளர்க்கப்பட்ட 21 எலிகள். சாதாரணமாக வளர்ந்த 15 எலிகள். இரு கூட்டத்துக்கும் மேல்தாடைக் கடைவாய்ப் பல் ஒன்றைத் துளையிட்டுக் கூழைத் திறந்தார்கள். மூடவில்லை, மருந்திடவில்லை. தின்ற தீனியும் கழிவும் துளைக்குள் புகுந்து அடைந்துகிடக்க விட்டார்கள்.

சாதாரண எலிகளில் எட்டாம் நாளுக்குள் கூழின் மேற்பாதி செத்துவிட்டது. பின்னர் முழுவதும் அழுகி, வேர்நுனியில் சீழ்க்கட்டி தோன்றியது. கிருமியற்ற எலிகளிலோ, தீனி அடைந்த அந்த அலங்கோலத்துக்குக் கீழேயே, பதினான்காம் நாளில் புதிய தந்தினி பாலம்போல் நீளத் தொடங்கியது. மூன்று, நான்கு வாரங்களில் பாலம் முழுமையடைந்து திறப்பை மூடிவிட்டது. அதன்கீழ் கூழ் உயிரோடு இருந்தது. காயம் ஒன்றே, அழுக்கு ஒன்றே. வேறுபாடு கிருமி மட்டுமே. பற்கூழுக்குத் தன்னைத் தானே மூடிக்கொள்ளும் ஆற்றல் பிறவியிலேயே உண்டு, அந்த ஆற்றலுக்கு இடம் கொடுப்பதுதான் மருத்துவரின் வேலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை வேறில்லை என்பேன். இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் முதலில் படிக்கும் ஆய்வுகளுள் இது ஒன்று.

அதே 1965-இல் மற்றொரு செய்தியும் வெளிவந்தது. ஸாக், கோஹன் என்ற இருவர் குரங்குகளின் பற்களைச் சூடேற்றிப் பார்த்தனர். கூழின் வெப்பம் 5.5 பாகை செல்சியசு மட்டும் உயர்ந்தபோதே, சோதித்த பற்களில் 15 விழுக்காடு கூழிழந்தன. பல்லைக் குடையும் கருவி அதிவேகமாகச் சுழல்வது. நீரின்றிக் குடைந்தால் அவ்வளவு சூடு எளிதில் ஏறிவிடும். பல் மருத்துவர் குடையும்போது ஓயாமல் நீர் பீய்ச்சுவது ஏன், பக்கத்தில் நிற்கும் தாதி அந்நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பது ஏன் என்று இனி உங்கள் மாணவர் கேட்டால் விடை சொல்லலாம்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

பாலம் கட்டத் துணைபுரியும் மருந்துகளில் முதலிடம் பெற்றது நம் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் பொருள்தான்: நீற்றிய சுண்ணாம்பு. கால்சியம் ஹைட்ராக்சைடு என்பது அதன் வேதியியற் பெயர். ஜெர்மானியராகிய ஹெர்மன் 1920-இல் இதைப் பல் சிகிச்சைக்குக் கொணர்ந்தார். 1930-களின் இறுதியில், இதை வைத்து மூடிய பற்களில் புதிய தந்தினி எழுவது நுண்பெருக்காடியின்கீழ் காட்டப்பட்டது. கடும் காரமாகையால் இது கிருமிகளைக் கொல்கிறது. தொட்ட இடத்தில் கூழின் மெல்லிய மேற்படலத்தைச் சுட்டுவிடுகிறது. பழைய தந்தினியில் உறைந்திருந்த வளர்ச்சிப் பொருள்களைக் கரைத்து விடுவிக்கிறது. அவ்வழைப்பைக் கேட்டு ஆழத்திலிருந்து இளம் உயிரணுக்கள் வந்து, புதிய கட்டுநர்களாக மாறி, சுட்ட படலத்தின்கீழ் பாலம் கட்டுகின்றன. இதைப் படித்துவிட்டு எவரும் வெற்றிலைச் சுண்ணாம்பைச் சொத்தையில் திணிக்கவேண்டாம். தூய்மையும் அளவும் இல்லாத அது உதட்டையும் ஈறையும் புண்ணாக்குவதோடு நிற்கும்.

கிராம்பைப் பற்றியும் ஒரு சொல். பினாங்குக்குக் கிராம்பு அயற்சரக்கன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கன்றுகள் கொண்டுவரப்பட்டு இத்தீவில் நடப்பட்டன. பாலிக் புலாவ் பக்கம் இன்றும் மரங்களைக் காணலாம். கிராம்பெண்ணெயின் சத்தாகிய யூஜெனால், தந்தினியின் வழியே சிறிது சிறிதாகக் கசிந்து சென்றால் நரம்பை அமைதிப்படுத்தும். பல் மருத்துவரும் இதைத் துத்தநாகச் சாம்பலோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைப்பதுண்டு. ஆனால் திறந்த கூழின்மேல் நேரே பட்டால், பாலம் எழுவதற்கு மாறாக நாட்பட்ட அழற்சியே எஞ்சும். வலி தணிவதும் கூழ் பிழைப்பதும் ஒன்றல்ல என்பதற்குக் கிராம்பே நல்ல சான்று.

சுண்ணாம்புக்கும் குறை உண்டு. நாளடைவில் கரைந்துபோகிறது. அது எழுப்பும் பாலத்தில் சுரங்கம்போல் நுண்வழிகள் இருப்பதும், அவ்வழியே கிருமி மீண்டும் நுழைவதும் பின்னர்த் தெரியவந்தன. 1993-இல், கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொராபினெஜாத் என்பாரும் அவர் குழுவினரும் வேறொரு பொருளை அறிவித்தனர். அதன் பெரும்பகுதி என்ன தெரியுமா? கொத்தனார் வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமெண்டின் இனமேதான். தூய்மைப்படுத்தி, எக்ஸ்ரே படத்தில் தெரியும்படி பிஸ்மத் கலந்தது. சிமெண்ட் ஈரத்தில்தானே இறுகும்? இரத்தமும் நீர்மமும் கசியும் இடத்தில் மற்ற மருந்துகள் பிடிக்காமல் நழுவ, இது மட்டும் அந்த ஈரத்தையே கொண்டு இறுகி, இடைவெளியின்றி மூடுகிறது. இறுகும்போது இதுவும் சுண்ணாம்பை வெளிவிடுகிறது. முன்பற்களைக் கறுக்கச் செய்வது இதன் குறை. அதனால் பிஸ்மத் இல்லாத கால்சியம் சிலிக்கேட் வகைகள் பின்னர் வந்தன. விலை ஏறத்தான் செய்யும்.

மருந்து மாறியதைவிடப் பெரிய மாற்றம் கைப்பழக்கத்தில் ஏற்பட்டது. சொத்தையின் கடைசித் துளி வரை சுரண்டி எடுக்கவேண்டும் என்பதே பழைய ஒழுங்கு. ஆழமான சொத்தையில் அப்படிச் சுரண்டியே பல கூழ்களைத் திறந்துவிட்டோம். பல்லின் ஓரங்களை மட்டும் முழுத் தூய்மையாக்கி, கூழின் கூரைமேல் மிருதுவான தந்தினியில் சிறிது விட்டுவைத்து, காற்றும் நீரும் புகாமல் அடைத்துவிட்டால், உணவின்றி அகப்பட்ட கிருமிகள் ஒடுங்கிப்போகின்றன. கீழே கூழ் தன் சுவரை எழுப்பிக்கொள்கிறது. ஐரோப்பிய வேர்ச்சிகிச்சைக் கழகம் 2019-இல் வெளியிட்ட நிலைப்பாட்டறிக்கை இம்முறையையே பரிந்துரைக்கிறது. முழுக் கூழையும் எடுத்தேயாகவேண்டும் என்று கருதப்பட்ட வலிமிக்க பற்களிலும், மேலறையிலுள்ள பகுதியை மட்டும் நீக்கி வேரிலுள்ளதைக் காப்பாற்ற முடிகிறது என்று இப்போது காண்கிறார்கள்.

பினாங்குப் பள்ளியும் ஆறுவயதுப் பல்லும்

பிள்ளைகளின் பற்கூழோடு பினாங்குக்கு நீண்ட தொடர்பு உண்டு. 1921-இல் நியூசிலாந்து ஒரு புதுமை செய்தது: இளம் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, பள்ளிப் பிள்ளைகளின் பல்லை அடைக்கவும் பால்பல்லைப் பிடுங்கவும் அனுமதித்தது. அம்முறையைப் பின்பற்றி 1949-இல் இங்கே பள்ளிப் பல்தாதியர் பயிற்சி தொடங்கப்பட்டது. பல் மருத்துவர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்த மலாயாவில், மலாய், சீன, இந்தியப் பெண்கள் இங்குப் பயின்று நாடெங்கும் சென்றனர். பின்னாளில் ‘பல்தாதி’ என்ற பெயர் ‘பல் சிகிச்சையாளர்’ என மாறிற்று. நம் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பெட்டியும் மடக்கு நாற்காலியுமாக வந்திறங்கும் நடமாடும் பல் குழுவை அறியாத ஆசிரியர் இலர்.

அவர்கள் வாயைத் திறந்து பார்ப்பவற்றுள் பெரும்பகுதி கூழைத் தொட்டுவிட்ட அல்லது தொடப்போகும் சொத்தைகளே. பால்பல்லின் எனாமலும் தந்தினியும் மெலிந்தவை, கூழோ அளவில் பெரியது. ஆதலின் சொத்தை விரைவில் உள்ளே இறங்கிவிடும். இத்தகைய பால்பல்லுக்கு 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகெங்கும் வைத்த மருந்து ஃபார்மோகிரெசால். 1904-இல் அமெரிக்காவில் பக்லி அறிமுகப்படுத்தியது. மேலறைக் கூழை வெட்டி நீக்கியபின் இதைத் தோய்த்த பஞ்சை வைப்பார்கள். இது கூழைக் குணப்படுத்தியதா என்றால், இல்லை; பிணத்தைப் பதப்படுத்துவதுபோல் பதப்படுத்தியது. பல் விழும்வரை அது போதுமாயிருந்தது. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் விளைவிக்கும் பொருளென 2004-இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியபின் பல நாடுகளில் இம்மருந்து பின்வாங்கியது. அவ்விடத்துக்குச் சிமெண்ட் வகை மருந்துகள் வந்துள்ளன.

பால்பல்லைவிட என்னை வருந்தவைப்பது ஆறுவயதுப் பல். பால்பற்கள் ஒன்றும் விழாதிருக்கும்போதே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், 6 வயதில் சத்தமின்றி ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. எதுவும் விழாமல் முளைத்ததால் பெற்றோர் இதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகின்றனர். இது வாழ்நாள் முழுவதற்கும் உரிய பல். 7 வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் தாயார் என்னிடம் அழைத்து வந்தார். “இந்தப் பால்பல்லைப் பிடுங்கி விட்டுடுங்க டாக்டர், எப்படியும் வேறே முளைக்கப் போகுது” என்றார். “இதுக்கு அப்புறம் வேறே முளைக்காதும்மா” என்றேன். அவர் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை.

சொத்தையை நீக்கியபோது ஊசிமுனையளவு கூழ் திறந்தது. இரத்தம் சிவப்பாக வந்தது. சில நிமிடம் ஈரப்பஞ்சை வைத்து அழுத்தியதும் நின்றது. நல்ல அறிகுறி அது. நிற்காமல் கசிந்தால் அழற்சி அடியிலும் பரவியிருக்கிறது என்று பொருள். இன்னும் சிறிது கூழை நீக்கவேண்டி வரும். சிமெண்ட் வகை மருந்தை வைத்து, மேலே இறுக மூடி அனுப்பினேன். இவ்வயதில் வேர்நுனி மூடுவதற்கு இன்னும் ஈராண்டுக்கு மேல் இருக்கிறது. கூழ் இப்போது இறந்தால் வேர் பாதியிலேயே நின்றுவிடும்; சுவர் மெலிந்து, நுனி புனல்போல் விரிந்து, வேர்ச்சிகிச்சைக்கும் பிடிகொடாமல், பின்னொரு நாள் எதையோ கடிக்கும்போது கழுத்தில் முறியும். கூழ் பிழைத்தால் வேர் வளரும். சிறுமி 9 வயதில் மீண்டும் வந்தபோது எடுத்த படத்தில் மருந்தின்கீழ் மெல்லிய வெண்கோடு தெரிந்தது. வேரும் நீண்டு, நுனி ஏறக்குறைய மூடியிருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி வாய்ப்பதில்லை. ஒரு மாதம் தாமதித்து வந்த வேறு சிலருக்குப் பல்லைப் பிடுங்கவும் நேர்ந்தது.

பள்ளித் திடலில்

சொத்தைக்கு மாதக் கணக்கில் அவகாசம் உண்டு, விபத்துக்கு இல்லை. ஓட்டப் பந்தயத்தில் விழுந்து மேல் முன்பல் பாதி முறிந்து, நடுவே சிவப்புப் புள்ளி தெரிகிறது என்றால், அதுதான் பற்கூழ். இங்கே ஆசிரியர்களுக்கு ஓர் ஆறுதலான செய்தி. சுவீடன் நாட்டு மருத்துவர் ஸ்வெக் 1978-இல், இவ்வாறு முறிந்த 60 முன்பற்களைப் பற்றி எழுதினார். மேற்புறத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் கூழை மட்டும் சீவி நீக்கிச் சுண்ணாம்பு மருந்து வைத்து மூடினார். நூற்றுக்கு 96 பற்கள் பிழைத்தன. சில பிள்ளைகள் அடிபட்டுப் பல நாள் கழித்தே வந்திருந்தனர். இருந்தும் முடிவு அதிகம் மாறவில்லை. அடிபட்ட நலமான கூழ், சொத்தையால் நைந்த கூழைப் போன்றதன்று. கிருமி இன்னும் ஆழமாகப் புகவில்லை. எனவே இரண்டு நாள் ஆகிவிட்டதே, இனிப் பயனில்லை என்று கைவிடவேண்டாம். அதற்காக இரண்டு நாள் காத்திருக்கவும் வேண்டாம்.

முறிந்த துண்டைத் தேடி எடுத்துப் பாலிலோ நீரிலோ போட்டு, பிள்ளையோடு அனுப்புங்கள். பல சமயம் அதையே திரும்ப ஒட்டலாம். சிவப்புப் புள்ளியை விரலால் தொடுவதும், பஞ்சால் துடைப்பதும், கிராம்பெண்ணெய் தடவுவதும், புகையிலை வைப்பதும் கூடாது. துண்டு அகப்படாவிட்டால் உதட்டுக்குள் புதைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதை மறந்து உதட்டைத் தைத்துவிட்டுப் பின்னர் வருந்தியதுண்டு.

பல் முழுவதும் வேரோடு கழன்று விழுந்திருந்தால், நிலைக்கும் பல்லாயின், வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கிருந்தால் சில நொடி நீரில் அலசி, அக்குழியிலேயே உடனே பொருத்திவிட்டுப் பிள்ளையை மெல்லக் கடித்துக்கொள்ளச் செய்யலாம். துணிவில்லையேல் பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். சிற்றுண்டிச் சாலையில் பால் இல்லாமலா போகும்? காகிதத்தில் சுற்றி உலரவிடுவதுதான் கேடு. பால்பல்லாயின் திரும்பப் பொருத்தவே கூடாது. உள்ளே வளரும் பல்லுக்குத் தீங்காகும். வளர்ந்த பிள்ளையின் வேர்நுனி மூடிய பல்லில் கூழ் இறந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் வேர்ச்சிகிச்சை தொடங்கவேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் திறந்த வேரிலோ, நுனி வாசல் வழியே புதிய இரத்தக் குழாய்கள் நுழைந்து கூழ் மீண்டும் உயிர்பிடிப்பதுண்டு. அது நடக்கிறதா இல்லையா என்று அறிய, முதல் சில மாதங்கள் அடிக்கடியும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் படமெடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தவணைகளைப் பெற்றோர் மறந்தாலும், வகுப்பாசிரியர் ஒருமுறை கேட்டால் பிள்ளை போய் வருவான்.